இடது காதுக்குப் பின்

நாற்பது டாலருக்கு ரொவீனா தந்த பட்டை இது.
ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில்
என் பக்கத்து இயந்திரம் அவளுடையது.
"எனக்குத் தூக்கம் வந்துவிட்டது, இனி உனக்கு" என்றாள்,
மிச்சமான இருமல் மருந்தைக் கைமாற்றுவது போல.

நெற்றியில் இரண்டு, காதுகளுக்குப் பின்னால் இரண்டு.
போன் திரையில் நான்கு வட்டங்கள்.
தோல் பட்டதும் நிரம்ப வேண்டும்.
மூன்று நிரம்பின.
இடது காது மட்டும்
அமாவாசையாகவே கிடந்தது.

கண்ணாடியைக் கழற்றினேன்,
அதன் கால் அந்த இடத்தில்தான் உட்கார்ந்திருந்தது.
முடியை ஒதுக்கினேன்.
தலையில் வைத்த எண்ணெய் மின்சாரத்துக்கு ஆகாதாம்,
காதோரத்தை மட்டும் ஷாம்பூவால் கழுவினேன்
பூனை முகம் கழுவுவது போல.
நெற்றிப் பொட்டை எடுத்துக்
குளியலறைக் கண்ணாடியில் ஒட்டினேன்.
ஏற்கெனவே அங்கே ஆறு பொட்டு.
அந்தக் கண்ணாடிக்குத்தான் எத்தனை நெற்றி.

வின்னிபெக்கில் ஜனவரி.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று,
உள்ளே ஹீட்டர் ஊதி ஊதித்
தோல் அப்பளமாகியிருந்தது.
கதவுப்பிடியைத் தொட்டால் சுள்ளென்று பொறி,
இருட்டில் போர்வையை உதறினால் நீலமாய் வெடிக்கிறது.
வீடெல்லாம் இத்தனை மின்சாரம்,
என் காதுக்குப் பின்னால் மின்வெட்டு.

பஞ்சை நனைத்துத் துடைத்தேன்.
பாதி நிரம்பியது,
எட்டு எண்ணுவதற்குள் காய்ந்தது.
உப்புத் தண்ணீர் போடு என்றாள் ரொவீனா, போனில்.
ரசத்துக்குப் பார்ப்பது போல
நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுப் பூசினேன்.
அவள் தலை என் தலையைவிடச் சிறியது.
பட்டை இன்னும் அவளை மறக்கவில்லை,
இடப்பக்கம் அவள் வளைவிலேயே முறைத்துக்கொண்டு நின்றது.
விரலால் அழுத்திப் பிடித்தால் வருகிறது.
விட்டால் போகிறது.

ஆனாலும் கோடு ஓடத் தொடங்கியது.
கண் சிமிட்டினால் மலை.
எச்சில் விழுங்கினால் முள்வேலி.
திடீரென்று திரை முழுக்கக் கரும்புதர்:
தாடையைத் தளர்த்தவும்.
அது மூளை இல்லையாம், தசையாம்.
நான் ஒன்றும் கடிக்கவில்லை என்றேன்.
கோடு நம்பவில்லை.

தயாநிதி லாரியோடு தண்டர் பேயில் நிற்கிறான்.
ரோடு மூடிட்டாங்க. நாளைக்கும் வரமாட்டேன்.
நாலே சொல்.
நாலு சொல்லுக்கு நாலு பல் போதாதா,
முப்பத்திரண்டையுமா கடிக்க வேண்டும்?

பத்தரை மணிக்குப் பனி வாரும் வண்டி வந்தது.
தெருவைச் சுத்தமாக்கி
வாரியதையெல்லாம் என் வாசலில் இடுப்புயரம் கொட்டிவிட்டுப் போனது.
ஐந்து மணிக்கு ஷிப்ட். கார் வெளியே வந்தாக வேண்டும்.
மண்வெட்டியும் நானும் முக்கால் மணி நேரம்.
கெட்ட வார்த்தை தமிழில் இரண்டு,
தகாலோக் மொழியில் ஒன்று
(அதுவும் ரொவீனா தந்ததுதான், இலவசமாக).

கம்பளித் தொப்பியைக் கழற்றியபோது
தலையிலிருந்து ஆவி பறந்தது,
இட்லிப் பானையைத் திறந்த மாதிரி.
காதுக்குப் பின்னால் கழுத்து வரை வழிந்தது வேர்வை.
துடைக்கப் போன கையை நிறுத்திப்
பட்டையை எடுத்து மாட்டினேன்.

முதலில் நிரம்பியது இடது காது.
பிறகு மற்ற மூன்றும், அவசர அவசரமாக,
கடையடைக்கும் நேரத்தில் வந்தவர்கள் போல.

அமைதியானால் குருவி கூவும் என்று சொல்லியிருந்தாள்.
கூவியது.
இந்தக் குளிரில் எங்கிருந்தடா வந்தாய் என்று சிரித்தேன்,
கன்னத்துத் தசை ஏறிக் கோடு சிதறியது.
சிரிப்பும் இரைச்சல்தான் அதற்கு.
மீண்டும் வந்தது குருவி. ஒன்று. பிறகு இன்னொன்று.
வாசல் வாரிட்டேன் என்று தயாநிதிக்கு அனுப்ப நினைத்தேன்.
அனுப்பினேனா தெரியவில்லை.

அலாரத்துக்கு எழுந்தபோது
பட்டை கட்டிலுக்கடியில் கிடந்தது.
பதிவு: பதினொரு நிமிடம்.
அதன்பின் சமிக்ஞை இல்லை, தொடர்பைச் சரிபார்க்கவும்.

ஐந்து மணி நேரம் தூங்கியிருக்கிறேன்.
சாட்சி சொல்ல ஒரு வட்டமும் இல்லை,
கன்னத்தில் தலையணை மடிப்பு மட்டும்.